மோப்பக் குழு

வெலாபி ம்பாத்தா எழுந்து நின்றது போனை எடுக்கத்தான். தார்ன்மியர் உயர்நிலைப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில், "நிர்வாகக் குழுவுக்குப் பெற்றோர் தரப்புல யார் வர்றீங்க?" என்று தலைவர் கேட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கறிக்கடைக்காரர் ஒருவர் தன் குளிர்பெட்டி நின்றுவிட்டதென்று அழைத்தார். வெளியே போய்ப் பேசலாம் என்று இவர் எழுந்தார். கூடத்தில் வேறு யாரும் எழவில்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போகிற ஆசையில் எல்லோரும் கைதட்டினார்கள். பேசிவிட்டுத் திரும்பி வருவதற்குள் அவர் உறுப்பினராகியிருந்தார்.

எங்கள் தெருவில் குளிர்பெட்டி பழுது பார்க்கிறவர் அவர்தான். பெரிய வீடுகளுக்குப் பின்வாசல் வழியாகவே போய்ப் பழகியவர். பள்ளியில் முன்வாசலிலேயே காவலாளி சல்யூட் அடித்தார். உள்ளே நீள மேசை, வெள்ளை விரிப்பு, ரூய்போஸ் தேநீர், தட்டு நிறையத் தேங்காய் பிஸ்கட். "மிஸ்டர் ம்பாத்தா, உங்க கருத்து என்ன?" என்று வெள்ளைக்காரர் ஒருவர் அவரைப் பார்த்துக் கேட்டார். வெலாபிக்குக் கருத்து எதுவும் இல்லை. ஆனால் கேட்டது பிடித்திருந்தது. அவரைச் சீருடைக் குழுவில் பண்பாட்டு உறுப்பினராகப் போட்டார்கள். பண்பாட்டுக்கு என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

சீருடைக் குழுவில் மொத்தம் நான்கு பேர். தலைவர் விட்கோம், நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், எதைப் பார்த்தாலும் நீள அகலம் கேட்பார். தலைமை ஆசிரியர் டாக்டர் ஹதேபே, எங்கள் ஜூலு ஆள்தான், கொளுத்தும் வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார். உயிரியல் ஆசிரியை திருமதி க்ளூட்டி, காலையில் கத்தரிக்கோலோடு பள்ளி வாசலில் நிற்பவர். நாலாவது ஆள் நம்மவர்.

முதல் கூட்டத்திலேயே விட்கோம் கொள்கையை விளக்கிவிட்டார். "எங்களுக்கு எந்த மதத்தோடயும் சண்டை கிடையாது. நாட்டுல சட்டம் இருக்கு, நாங்க சட்டத்தை மதிக்கிறவங்க. பிள்ளைங்க எதை வேணும்னாலும் நம்பலாம். வெளிய தெரியாம நம்பணும், அவ்வளவுதான்."

டாக்டர் ஹதேபே தலையை ஆட்டினார். வெலாபியும் ஆட்டினார்.

முதலில் முஸ்லிம் பெண்களின் முக்காடு வந்தது. தாராளமாகப் போடலாம் என்று தீர்மானம் ஆயிற்று. ஆனால் பள்ளிக் கடையில் விற்கிற மெரூன் நிற முக்காடாக இருக்கவேண்டும், நெற்றிக்கு நேராகப் பள்ளி முத்திரை இருக்கவேண்டும். எங்கள் பள்ளி முத்திரையில் நடுவில் பெரிய சிலுவையும் இரண்டு பக்கமும் சிங்கமும் உண்டு. ஒரு தகப்பனார் ஓடிவந்தார். "ஐயா, என் பொண்ணு நெத்தியில சிலுவை இருக்கே!" என்றார். விட்கோம் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "சிலுவையா? எங்க? அது எங்க பள்ளிச் சின்னம். இத்தனை வருஷத்துல யாருமே அதைச் சிலுவைன்னு சொன்னதில்லையே. நீங்க எல்லாத்துலயும் மதத்தைப் பார்க்கிறீங்க," என்றார். அந்த மனிதர் சிங்கத்தையாவது எடுத்துவிட முடியுமா என்று கேட்டுப் பார்த்தார். அதுவும் முடியாதென்றார்கள்.

அப்புறம் சீயோன் சபைக்காரர்களின் நட்சத்திர பேட்ஜ். அதைச் சட்டைப் பைக்கு உள்பக்கம் குத்திக்கொள்ளலாம் என்றார்கள். பிள்ளைகள் நெஞ்சில் ஊசி குத்திக்கொண்டு திரிந்தன.

அடுத்தது காப்பு. எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கிற மூன்சாமி ஆன்ட்டி வருஷா வருஷம் காவடிக்கு விரதம் இருப்பவர். அவருடைய தாத்தா முனுசாமியாகத்தான் கப்பலில் ஏறினார், இறங்கும்போது குமாஸ்தா புண்ணியத்தில் மூன்சாமி ஆகிவிட்டார். ஆன்ட்டியின் மகள் அந்த வருஷம் மஞ்சள் காப்பு கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். குழு கூடியது. பள்ளிக் கடையில் விற்காத நூல் எதுவும் மணிக்கட்டில் இருக்கக் கூடாது, வேண்டுமானால் பாவாடை மடிப்புக்குள் வைத்துத் தைத்துக்கொள்ளலாம் என்று ஏழாம் விதி எழுதினார்கள். "நூல்னு மட்டும் போட்டா நாளைக்குக் கயித்தோட வருவாங்க," என்று சொல்லி விட்கோம் நூலுக்குப் பக்கத்தில் கயிறு, தோல், மயிர், எலும்பு என்று சேர்த்தார். அளவைத் துறைக்காரர், எதையும் விடமாட்டார். "வழிமொழியறது யாரு?" என்றார். வெலாபியின் வாயில் பிஸ்கட் இருந்தது, அதனால் கையைத் தூக்கினார்.

மறுநாள் காலை வாசலிலேயே திருமதி க்ளூட்டி அந்தப் பெண்ணின் காப்பை வெட்டினார்.

சாயங்காலம் ரொட்டி வாங்கப் போன வெலாபியிடம் மூன்சாமி ஆன்ட்டி சத்தம் போடாமல்தான் பேசினார். "அது முருகனுக்குக் கட்டினது, வெலாபி. பெத்தவ நானே அவுக்கிறதுன்னாலும் நாள் பார்த்துத்தான் அவுப்பேன்."

"விதி ஆன்ட்டி. எல்லாருக்கும் ஒண்ணுதானே," என்றார் வெலாபி.

சொல்லும்போதே அது தன் குரல் இல்லை, விட்கோமின் குரல் என்று அவருக்குத் தெரிந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். வெலாபிக்கு நெஞ்சோடு சேர்த்துக் காலும் குறுகுறுத்தது, அன்றிலிருந்து ரொட்டி வாங்க இரண்டு தெரு தள்ளிப் போனார்.

அவருடைய மகள் சோட்வா அதே பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரி, மருத்துவப் படிப்புக்கு மனு போட்டிருந்தாள். செப்டம்பர் மாதிரித் தேர்வு மதிப்பெண்ணைத்தான் பல்கலைக்கழகம் கேட்டிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளைக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் யாரோ வாசலில் நின்று, "இது யார் வீட்டுப் பொண்ணு?" என்று கேட்கிறார்களாம். பதில் சொல்லத் தெரியாமல் அலறிக்கொண்டு எழுந்திருப்பாள். வகுப்பில் இரண்டு தடவை மயங்கி விழுந்தாள்.

"பிள்ளையைப் பத்தி உங்க அப்பாகிட்ட சொல்லவே இல்லை நீங்க. பதினேழு வருஷமா அவருக்கு இப்படி ஒரு பேத்தி இருக்கிறதே தெரியாது. கேக்கத்தான் செய்வாரு," என்றாள் மனைவி தொக்கோ.

உண்மைதான். பிறந்த பிள்ளையை முன்னோர்களிடம் அறிமுகப்படுத்த ஓர் ஆடு வெட்டவேண்டும். இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று வெலாபி தள்ளிக்கொண்டே வந்திருந்தார். வெட்கப்பட்டுப் போய் அந்தச் சனிக்கிழமையே செய்தார். வீட்டின் பின்சுவரோரம் இம்பெப்போ மூலிகையில் புகை போட்டு, குலப்பெயர்களை வரிசையாகச் சொல்லி, "அப்பா, இது சோட்வா. நம்ம பொண்ணு. லேட்டாயிடுச்சு, கோவிச்சுக்காதீங்க," என்றார். ஆடு நன்றாகவே கத்தியது, அது கத்தினால்தான் பெரியவர்கள் கேட்டதாக அர்த்தம். அதன் தோலில் ஒரு பட்டை அறுத்து, மயிரோடு, சோட்வாவின் வலது மணிக்கட்டில் காப்பாகப் போட்டார். அதைக் கழற்றக் கூடாது, வெட்டக் கூடாது. காய்ந்து, இற்று, தானாக விழவேண்டும். விழுந்தால்தான் பெரியவர்கள் பிள்ளையை ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு.

அன்றைக்குச் சோட்வா படுத்தவள் மறுநாள் உச்சிவெயிலில்தான் எழுந்தாள். தொக்கோ சந்தோஷத்தில் அழுதுவிட்டாள்.

திங்கட்கிழமை காலை பள்ளி வாசலில் திருமதி க்ளூட்டி கத்தரிக்கோலைத் திறந்தார். சோட்வா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எங்க அப்பா பண்பாட்டு உறுப்பினர், மிஸ்," என்றாள். கத்தரிக்கோல் மூடியது. விவகாரம் தகப்பனாரின் மனுவாகக் குழுவுக்குப் போயிற்று.

"இதுல ஒரு சிக்கல் இருக்கு. மனு கொடுத்த தகப்பனாரும் நீங்க, விசாரிக்கிற உறுப்பினரும் நீங்க. நடுநிலைமைதான் நமக்கு உயிர். அதனால ரெண்டு பேரையும் கலக்கக் கூடாது," என்றார் விட்கோம்.

அதற்காக இரண்டு நாற்காலி போட்டார்கள். உறுப்பினருக்கு மெத்தை நாற்காலி, மனுதாரருக்குக் குட்டையான பிளாஸ்டிக் நாற்காலி. வெலாபி முதலில் வெளியே போய்க் கதவைத் தட்டி, அனுமதி கேட்டு உள்ளே வந்து பிளாஸ்டிக்கில் உட்கார்ந்தார்.

"உங்க மதத் தலைவர்கிட்ட இருந்து அத்தாட்சி வேணும். தலைவர் யாரு?"

"எங்க அப்பாதான்."

"நல்லது. அவர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க."

"அவர் செத்துப் போயிட்டாரு."

"வருந்துகிறோம். அவருக்கு அடுத்த அதிகாரி?"

"அவரோட அப்பா."

"அவரு எங்க இருக்காரு?"

"அவரும் அங்கதான் இருக்காரு."

விட்கோம் பேனாவைக் கீழே வைத்தார். "மிஸ்டர் ம்பாத்தா, உங்க மதத்துல உயிரோட இருக்கிற அதிகாரி ஒருத்தர்கூடவா இல்லை? சரி, அது என்னைக்கு விழும்?"

"விழறன்னைக்கு விழும், சார்."

"அது தேதி இல்லையே," என்றார் விட்கோம் வருத்தமாக. பிறகு மெத்தை நாற்காலியின் பக்கம் திரும்பினார். "பண்பாட்டு உறுப்பினர் மனுதாரர்கிட்ட ஏதாவது கேக்கணுமா?"

வெலாபி எழுந்து மேசையைச் சுற்றிப் போய் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. பிள்ளைக்காக அங்கே கேட்கவேண்டிய கேள்வி அத்தனையும் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஆனால் அந்த மெத்தையில் உட்கார்ந்து அவர் இதுவரை எதையுமே கேட்டதில்லை. "இல்லை," என்றார். கேள்வி எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

அப்போது திருமதி க்ளூட்டி வாடை விஷயத்தைக் கிளப்பினார். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைகள் மூக்கைப் பிடிக்கிறார்களாம். "இது மத விஷயமே இல்லை, சுகாதார விஷயம்," என்றதும் விட்கோமின் முகம் மலர்ந்தது. மதம் என்றால் சட்டம் வரும், சுகாதாரம் என்றால் வராது. அந்த இடத்திலேயே சீருடைக் குழு மோப்பக் குழுவாக மாறியது. நறுமணக் கடைகளில் செய்கிற மாதிரி, மோப்பத்துக்கு மோப்பம் மூக்கைத் தேற்றிக்கொள்ள ஒரு டப்பாவில் காப்பித்தூள் வந்தது.

சோட்வாவைக் கூப்பிட்டு, கையை மேசை விரிப்பின் மேல் வைக்கச் சொன்னார்கள். விட்கோம் கண்ணியமாக, கண்ணை மூடிக்கொண்டு மோந்தார். க்ளூட்டி இரண்டு தரம் மோந்தார். டாக்டர் ஹதேபே தூரத்தில் இருந்தே, "எனக்கு ஜலதோஷம்," என்றார். உறுப்பினர் என்ற முறையில் வெலாபியும் குனிந்து தன் மகளின் கையை மோந்தார். சோட்வா அவருடைய உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அப்படியே மேசைக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது.

பிள்ளையை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். வாடை வெளியே போகவில்லை. விட்கோம் காப்பித்தூளை மோந்துவிட்டு மறுபடியும் காற்றை மோந்தார். "பொண்ணு போயாச்சு. இது இன்னும் இருக்கே. மிஸ்டர் ம்பாத்தா, அந்தக் குளிர்பெட்டியைக் கொஞ்சம் பாருங்களேன்."

மூலையில் இருந்த சின்னக் குளிர்பெட்டியின் பின்னால் வெலாபி மண்டியிட்டார். அதில் ஒரு குறையும் இல்லை, பால்கூடக் கெடவில்லை. எழும்போது அவர் கண்ணுக்கு நேராக டாக்டர் ஹதேபேயின் கை இருந்தது. கோட்டுக் கைக்கும் சட்டைக் கைக்கும் நடுவில், பழுப்பும் வெள்ளையுமாக, ஆட்டு மயிர் எட்டிப் பார்த்தது. தலைமை ஆசிரியர் கையை மெதுவாக மடியில் இறக்கிக்கொண்டு, வெலாபியைப் பார்த்தார். அப்படிக் கெஞ்சுகிற பார்வையை வெலாபி கடன்காரர்களிடம்தான் பார்த்திருக்கிறார்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். சோட்வாவின் காப்பு பிழைத்துவிடும். "சார், இங்க இன்னொரு காப்பு இருக்கு," அவ்வளவுதான்.

"குளிர்பெட்டிதான். தண்ணி வடியற குழாயில அழுக்கு," என்றார் வெலாபி.

தொழிலில் அவர் சொன்ன முதல் பொய் அது. ஏன் சொன்னார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பதில்லை, அந்த வழக்கம் அதற்குள் அவருக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

தாழ்வாரத்தில் டாக்டர் ஹதேபே அவர் தோளைத் தொட்டார். ஆங்கிலத்தை விட்டுவிட்டு, குலப்பெயர் சொல்லி மரியாதையாகக் கூப்பிட்டார். "ஷாண்டு, நீங்க பெரிய மனுஷன்."

"புங்கானே," என்று வெலாபியும் அவருடைய குலப்பெயரைச் சொன்னார். "நீங்களும் போட்டிருக்கீங்களே."

"போன மாசம் எங்க அம்மாவுக்குச் சடங்கு. சடங்கு பண்ணாம இருக்க நான் என்ன நாகரிகம் தெரியாதவனா?"

"அப்ப என் பொண்ணு?"

"இது மதப் பிரச்சினையே இல்லை, ஷாண்டு. கை நீளப் பிரச்சினை. நான் முழுக்கை போடறேன். செப்டம்பர் பொறந்தா கோடைச் சீருடை, பொண்ணுங்களுக்கு அரைக்கை."

"அப்ப அவளுக்கு முழுக்கை போட அனுமதி கொடுங்க."

"கொடுத்தா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேக்க ஆரம்பிச்சா எல்லார் கையையும் பார்ப்பாங்க. நான் இந்த நாற்காலிக்கு வந்ததே எதையும் ஏன்னு கேக்காமதான்." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. தினமும் கஷ்டப்படறேன்."

தீர்ப்பு மறுநாள் வந்தது. காப்பு இயற்கையாக விழுவதற்கு வெள்ளிக்கிழமை மாலைவரை அவகாசம். அதற்குள் விழத் தவறினால் மாணவி திங்களன்று தேர்வுக்கூடத்தில் அனுமதிக்கப்பட மாட்டார்.

"அங்க நீங்க என்ன சொன்னீங்க?" என்று தொக்கோ கேட்டாள்.

"குளிர்பெட்டின்னு சொன்னேன்."

"பிள்ளை கையைப் பத்திக் கேட்டா குளிர்பெட்டியைச் சொன்னீங்களா?" அப்புறம் அவள் அவரோடு பேசவில்லை.

சனிக்கிழமையும் காப்பு கையிலேயே இருந்தது. வெலாபி ரொம்ப நாளைக்குப் பிறகு மூன்சாமி ஆன்ட்டியின் கடைப்படி ஏறினார். "ஆன்ட்டி, அன்னிக்கு வெட்டின காப்பை மடிப்புக்குள்ள வெச்சுத் தைச்சீங்களாமே. அது மாதிரி ஏதாவது..."

"நூலைத் தைக்கலாம், வெலாபி. ஆட்டை எந்த மடிப்புல வெச்சுத் தைக்கிறது?" ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னிக்குக் கை தூக்கினியே, உன் கையைப் பார்த்தியா? அதுல ஒண்ணுமே கட்டியிருக்கலை. அதான் அவ்வளவு லேசா மேல போச்சு."

"தப்புதான் ஆன்ட்டி. மன்னிச்சிடுங்க."

"ரொட்டி வெள்ளையா, பிரவுனா?" என்றார் ஆன்ட்டி.

திங்கட்கிழமை காலை குழு முழுவதும் பள்ளி வாசலில் நின்றது. பிள்ளைகள் தேர்வுக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். திருமதி க்ளூட்டி கத்தரிக்கோலை எடுத்ததும் விட்கோம் தடுத்தார். "நோ, நோ. பள்ளிக்கூடம் யாரோட பண்பாட்டையும் வெட்டாது. சட்டப்படி தப்பு." கத்தரிக்கோலை வாங்கி வெலாபியிடம் நீட்டினார். "பண்பாட்டு உறுப்பினர் வெட்டினா அது உங்க உள்விவகாரம். அதுல நாங்க தலையிட மாட்டோம்."

டாக்டர் ஹதேபே வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

சோட்வா அவர்களில் யாரையும் பார்க்கவில்லை. "அப்பா, இவங்க தொட வேண்டாம். நீங்களும் தொட வேண்டாம். நான் அடுத்த வருஷம் எழுதிக்கறேன். இப்பதான் எனக்குத் தூக்கம் வருது," என்றாள்.

மணி அடித்தது. வெலாபி மகளின் கையைப் பிடித்தார். மருத்துவப் படிப்பு, அவள் எதிர்காலம், ஊர் என்ன சொல்லும், எல்லாம் ஒன்றாக மனசுக்குள் வந்தது. அதோடு சேர்ந்து, நாளைக்கு இந்த வாசலில் காவலாளி சல்யூட் அடிப்பாரா என்கிற நினைப்பும் வந்தது. அதுவும் வந்தது என்பதைத்தான் பிற்பாடு அவரால் தாங்கமுடியவில்லை.

"உன் நல்லதுக்குத்தான்டி," என்று சொல்லி வெட்டினார். தோல் இன்னும் பச்சையாக இருந்தது, ஒரே வெட்டில் வரவில்லை. சோட்வா கையை இழுக்கவும் இல்லை, அழவும் இல்லை. அறுபட்டதும் உள்ளே போய்த் தேர்வு எழுதினாள்.

வீட்டுக்கு வந்து வெலாபி பின்சுவரோரம் இம்பெப்போ கொளுத்தினார். சட்டைப் பையில் இருந்த பட்டையை எடுத்துத் தரையில் வைத்தார். நடந்ததைச் சொல்லிவிடத்தான் உட்கார்ந்தார். கடைசியில், "அப்பா, அது தானா விழுந்திடுச்சு," என்றார். உயிரோடு இருப்பவர்களிடம் பொய் சொல்லிப் பழகிய வாய் செத்தவர்களிடமும் சொல்லிவிட்டது. புகை கண்ணைக் கரித்தது, துடைக்கக்கூட அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த வாரமே சோட்வா மறுபடியும் விளக்கைப் போட்டுக்கொண்டு படுக்க ஆரம்பித்தாள்.

மதிப்பெண் என்னவோ பிரமாதமாக வந்தது. கணக்கில் அவள்தான் முதல்.

செப்டம்பர் கடைசியில் பாரம்பரிய தினம். கல்வித் துறையில் இருந்து பெரிய அதிகாரி வருகிறார் என்று பள்ளி அமர்க்களப்பட்டது. பிள்ளைகள் கட்டாயம் பண்பாட்டு உடையில் வரவேண்டும், சீருடையில் வந்தால் தண்டனை என்று சுற்றறிக்கை போயிற்று. திருமதி க்ளூட்டி அன்றைக்கும் வாசலில் நின்று, பண்பாடு குறைவாக இருந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினார். டாக்டர் ஹதேபே கோட்டைக் கழற்றிப்போட்டு, தோளில் தோலும் தலையில் இறகுமாக வந்தார். அவர் கையில் இருந்த காப்பைப் பார்த்து அதிகாரி, "அசல் போலவே இருக்கே!" என்று பாராட்டினார்.

விட்கோம் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "பண்பாடுதான் நமக்கு வேர். அதனாலதான் அதுக்காக வருஷத்துல ஒரு நாளை முழுசா ஒதுக்கியிருக்கோம். வேற எந்தப் பள்ளியாவது முழு நாள் ஒதுக்குதா?" பலத்த கைதட்டல். "இன்னைக்கு முதல் மதிப்பெண் வாங்கின பிள்ளைங்களுக்கு நம்ம பண்பாட்டு உறுப்பினர் மிஸ்டர் ம்பாத்தா பாரம்பரியக் காப்பு அணிவிப்பார்."

ஒரு தட்டில் காப்புகள் வந்தன. சிறுத்தைப் புள்ளி போட்ட செயற்கைத் தோல், உள்பக்கம் சிலுவையும் சிங்கமும். பள்ளிக் கடையில் விற்பதால் ஏழாம் விதிக்கும் பொருத்தம். வெலாபி ஒன்றைக் கையில் எடுத்தார். மோந்து பார்த்தார், பழக்கதோஷம். புது பிளாஸ்டிக் வாசனைதான் வந்தது.

முதலில் மேடையேறியவள் சோட்வா. அவர் அவளுடைய வலது கையைப் பிடிக்கப் போனார். அவள் அந்த வெறும் மணிக்கட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"அந்தக் கை வேண்டாம்ப்பா," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "அதுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. இன்னும் விழலை."

"இடது கையில கட்டுங்க மிஸ்டர் ம்பாத்தா, போட்டோவுல நல்லா விழும்," என்றார் விட்கோம் பின்னால் இருந்து.

சோட்வா இடது கையை நீட்டினாள். வெலாபி குனிந்து கட்டினார். கட்டி முடிக்கும்வரை, அவளுடைய வலது கையில் இருந்த அதன்மேல் தன் சட்டை நுனிகூட உரசிவிடாதபடி ஒதுங்கியே நின்றார்.